குழலி அச்சிட்ட இரண்டு பட்டியல்கள்

பட்டியலில் பதினொன்றாவது பெயர் ரத்னா. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

“இன்னாக்கா, தொண்ட கட்டிகிச்சா? படி, படி” என்றாள் குழலி.

தாளின் மேலே இருந்த தலைப்பை மறுபடியும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஸ்டாப் என்றுதான் இருந்தது. அந்தத் தலைப்புக்குக் கீழே வருகிற பெயர்களுக்கு அன்று மதியம் இரண்டரை மணிக்குக் கடிதம் கொடுப்பார்கள். வேலை இல்லை என்று அர்த்தம். ரத்னாவுக்குக் குழந்தை பிறந்து இரண்டரை மாதம்தான் ஆகிறது. அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். என் பக்கத்து ஸ்டூல் அவளுக்காகக் காலியாக இருந்தது.

இது நடந்தது தொண்ணூற்றியோராம் வருடம், நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. நான் சொல்ல வந்தது ஏலவார்குழலியைப் பற்றி. எல்லாரும் அவளைக் குழலி என்று கூப்பிட்டார்கள். பெயர் தெரியாதவர்கள் கம்ப்யூட்டர் பொண்ணு என்றார்கள்.

எங்கள் கம்பெனி சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டி இருந்தது. லாரிகளுக்கு ரப்பர் புஷ் செய்கிற கம்பெனி. புஷ் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் வளையம். நான் கடைசிப் பரிசோதனை மேஜையில் வேலை பார்த்தேன். விரிசல், குமிழ், அளவு, இரும்பு ஒட்டியிருக்கிற பிடிமானம் என்று நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பார்ப்போம். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் எண்களைத் தப்பில்லாமல் வாசிப்பேன் என்று சூப்பர்வைசர் பரசுராமன் கண்டுபிடித்துவிட்டார். அதனால் வியாழக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் என்னைக் கம்ப்யூட்டர் ரூமுக்கு அனுப்புவார். நான் வருகை அட்டைகளை வாசிப்பேன், குழலி தட்டுவாள்.

அந்த ரூமுக்குள் போவதே எனக்கு முதலில் பயமாக இருந்தது. செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே குளிரும். பச்சை எழுத்து ஓடுகிற ஒரு பெட்டி. அதற்குப் பக்கத்தில் கிர்ரென்று கத்துகிற பிரிண்டர். குழலி அந்தக் குளிரிலும் ஸ்வெட்டர் போட மாட்டாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்காருவாள்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம். அப்பா ஒரு அரிசி மில்லில் காவல் வேலை. இவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, பிறகு தாம்பரத்தில் ஆறு மாதம் டிபேஸ் படித்தாள். டிபேஸ் என்பது பெயர், எண், தேதி என்று எல்லாவற்றையும் அடுக்கிவைத்து, கேட்டால் எடுத்துத் தருகிற ஒரு மென்பொருள். படிக்கப் போகிற நாட்களில் தினமும் வாலாஜாபாத் வழியாகத் தாம்பரத்துக்கு பஸ். போகும்போது எங்கள் கம்பெனி வாசலைப் பார்த்துக்கொண்டே போவாளாம். ஒருநாள் பாதி வழியில் இறங்கி, வாட்ச்மேனிடம், “இங்க கம்ப்யூட்டர் இருக்கா?” என்று கேட்டாளாம். இல்லை என்றானாம். “வாங்குனா சொல்லு” என்று முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாளாம். ஆறு மாதம் கழித்து வாங்கினார்கள். கார்டு போட்டுக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் ஜென்மத்துக்கும் வராது.

குழலிக்கு ஒரு பழக்கம். புரோகிராமை முதலில் பென்சிலால் வீணான பிரிண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவாள். எழுதிவிட்டு என்னைக் கூப்பிடுவாள்.

“அக்கா, இப்ப நீதான் மிஷினு. நா சொல்றத மட்டும் செய்யி. சொல்லாதத செய்யாத. புத்திய வெளிய செருப்புகிட்ட வுட்டுட்டு வா.”

நான் மிஷினாக உட்காருவேன். அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்வாள். நான் தாளில் எழுதுவேன், அடிப்பேன், மறுபடி எழுதுவேன். நான் எங்காவது என் புத்தியைப் போட்டுச் சரியாகச் செய்துவிட்டால் அவளுக்குக் கோபம் வரும். “மிஷினுக்கு ரத்னாவும் தெரியாது, ரங்கநாயகியும் தெரியாதுக்கா. நம்பர்தான் தெரியும்” என்பாள். இப்படித்தான் இஃப், எல்ஸ் என்ற வார்த்தைகள் எனக்குப் பழகின. இஃப் என்றால் ஒரு கேள்வி. ஆமாம் என்றால் இதைச் செய், இல்லை என்றால் தாண்டிப் போ.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சித் தொழிலாளர் பட்டியல் எடுப்பார்கள். அந்த முறை நாற்பத்தாறு பேர். பெர்சனல் ஆபீசர் விமல்ராஜ் சார் ஒரு தாளில் விதிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். நூற்றிருபது நாளுக்குக் குறைவாக வந்தவர்களை நிறுத்து. குறைந்ததற்குக் காரணம் வேலையில் அடிபட்டது என்றால் பயிற்சியை நீட்டி வை. காரணம் பிரசவம் என்றால் நீட்டி வை. காரணம் அம்மை என்றால் நீட்டி வை. மற்றவர்களை நிரந்தரம் செய். நாள் குறைந்தவர்களின் அட்டையில் மட்டும் காரணத்துக்கு ஒரு நம்பர் இருக்கும்: அடி ஒன்று, பிரசவம் இரண்டு, அம்மை மூன்று. அந்த வருடம் மாசியிலிருந்து கோடை முழுக்க எங்கள் ஊரில் தெருத் தெருவாக அம்மை போட்டிருந்தது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் வீட்டில் யாருமே வர வேண்டாம் என்று கம்பெனியே சொல்லி அனுப்பியது. அதனால்தான் அந்தக் கடைசி விதி.

முந்தின முறை குழலி இதை ஐந்து இஃப்களாக எழுதியிருந்தாள். ஒன்றன்கீழ் ஒன்று, ஒவ்வொன்றையும் எண்டிஃப் என்று முடித்து. பட்டியல் சரியாக வந்தது. நான்கு பேருக்குத்தான் வேலை போனது.

இந்த முறை அவளுக்கு அது பிடிக்கவில்லை.

“அஞ்சு இஃப்பு, அஞ்சு எண்டிஃப்பு. சும்மா பழைய துணி மூட்ட மாரி கீது. கேஸ் போட்டா எவ்ளோ அழகா இருக்கும் தெரியுமா? தாம்பரத்துல சார் சொல்லிக் குடுத்தாரு. ஒரே கட்டு. உள்ள அஞ்சு கேள்வி. அவ்ளோதான்” என்றாள்.

எழுதியும் காட்டினாள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. விதித் தாளில் எந்த வரிசையோ அதே வரிசை. முதல் பத்துப் பேரைப் போட்டுப் பார்த்தாள். பத்தும் சரி. அந்தப் பத்துப் பேரும் ஒழுங்காக வேலைக்கு வந்தவர்கள். அதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. அந்த வாரம் அவசரம். என்னை மிஷினாக உட்காரவைக்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பட்டியல் அச்சானது. ஒரு பிரதி விமல்ராஜ் சாருக்குப் போனது. கார்பன் பிரதியை அட்டைகளோடு ஒப்பிட்டு வாசிக்க என்னைக் கூப்பிட்டாள். அப்போதுதான் ரத்னாவின் பெயரைப் பார்த்தேன்.

“ரத்னா இதுல கீறா” என்றேன்.

“எதுல?”

“ஸ்டாப்புல.”

குழலி சிரித்தாள். “உனுக்கு இங்கிலீஷு எழுத்து தடுமாறுது. குடு.”

வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. சிரிப்பு மட்டும் இருந்தது, முகம் போய்விட்டது. விரலை வைத்துக் கீழே இறங்கினாள். அடுத்து சின்னப்பையன் அண்ணன். ரப்பரை அழுத்துகிற பிரஸ்ஸில் வலது கையில் இரண்டு விரல் போனவர். அடுத்து மரகதம், அம்மை வீடு. அடுத்ததும் அம்மை வீடு. அடுத்ததும்.

“எத்தினி பேருக்கா?”

எண்ணினேன். “பதினேழு.”

“போன தபா நாலு.”

“ஆமா.”

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பென்சில் தாளை என் முன்னால் வைத்தாள்.

“நீ மிஷினு. ரத்னாவ எடு. நாளு எத்தினி?”

“அறுபத்திரெண்டு. காரணம் ரெண்டு. பிரசவம்.”

“மொத கேஸ். நாளு நூத்திருபதுக்குக் கம்மியா?”

“ஆமா.”

“ஸ்டாப்புன்னு எழுது.”

எழுதினேன். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அடுத்தது கேளு. காரணம் அடியான்னு கேளு.”

“கேக்கக் கூடாதுக்கா.” அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. “கேஸ்ல ஒரு ஆமா வந்தா அத்தோட வெளிய போயிடும். மீதி கேள்விய பாக்கவே பாக்காது.”

எனக்கு அது ஒரு நொடியில் புரிந்தது. எங்கள் மேஜையிலும் இதே மாதிரி ஒரு மாற்றம் நடந்திருந்தது. முன்பெல்லாம் நாங்கள் நான்கு பேரும் ஒவ்வொரு புஷ்ஷையும் பார்ப்போம். முதல் பெண் கழிவுத் தட்டில் வைத்ததைக் கூட நான்காவது பெண் எடுத்து, இது தேய்த்தால் சரியாகும் என்று வேறு தட்டில் மாற்றலாம். கடைசியில் யார் வைத்தார்களோ அதுதான் முடிவு. ஆடி மாதத்தில் பரசுராமன் அதை மாற்றினார். யார் முதலில் தூக்கிப் போடுகிறாளோ அதோடு சரி, மற்றவர்கள் தொடவே கூடாது. வேலை வேகமாக நடந்தது. தேய்த்தால் சரியாகிற புஷ்களும் கூடை கூடையாகக் குப்பைக்குப் போயின.

அதை அவளிடம் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாக அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

“அதேதான்க்கா” என்றாள். “இஃப்புல அஞ்சு பேரும் பாத்தாங்க. மொத ஆளு ஸ்டாப்புன்னு எழுதுனா, மூணாவது ஆளு அத அழிச்சிட்டு நீட்டின்னு எழுதுனா. கடசியா எழுதுனது நின்னுச்சி. கேஸ்ல மொத ஆளே தூக்கிப் போட்டுட்டா. நா வரிசைய மாத்தாம அப்பிடியே வெச்சிட்டேன். கீழ இருக்கிற மூணு வரியும் சும்மா அலங்காரம். ஒருத்தருக்கும் அதுங்க வேல செஞ்சிருக்காது.”

பதினேழு அட்டைகளையும் எடுத்துப் பார்த்தாள்; நான்கு பேருக்குத்தான் காரணம் எதுவும் இல்லை, மற்றவர்கள் தப்பாக வந்தவர்கள். பதிமூன்று பேர். அவர்களில் யாரும் அவளோடு ஒரு வார்த்தை பேசியதுகூடக் கிடையாது.

“வா, சார்கிட்ட போலாம். அட்டையெல்லாம் எடுத்துகினு வா.”

“நா எதுக்குமா?”

“நீ வாக்கா” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

விமல்ராஜ் சார் நல்ல மனுஷர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு எல்லார் கையிலும் அவரே பொரி கொடுத்தார். நான் கதவோரம் நின்றேன். குழலி சொல்லி முடித்தாள்.

“என் தப்பு சார். ஒரு மணி நேரத்துல சரி பண்ணி வேற லிஸ்ட் குடுத்துடறேன்.”

அவர் பட்டியலை எடுத்துப் பேனாவால் எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. ஒரு நிம்மதி இருந்தது. 

“பத்து நாளா ஹெட் ஆபீஸ்ல இருந்து போன் மேல போன். ஆர்டர் இல்ல, பத்துப் பேரக் குறைங்கறான். யாரக் குறைக்கிறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். நான் எடுத்தா விமல்ராஜ் எடுத்தான்னுவாங்க. இது கம்ப்யூட்டர் எடுத்தது.”

“சார், ரூல்படி அவங்க இருக்கணும் சார். நீங்க கையெழுத்துப் போட்ட ரூல்.”

“என் ரூல்ல முதல் வரி என்னம்மா?”

அவரே பதிலும் சொன்னார்.

“நூத்திருபதுக்குக் குறைஞ்சா ஸ்டாப். மிஷின் அதத்தானே செஞ்சிருக்கு? தப்பு எங்க இருக்கு?”

“கீழ இருக்கற மூணு வரியும் சார்...”

“கீழ இருக்கறது கீழதான் இருக்கும்.” அவர் தாளை மடித்தார். “இங்க பாரு குழலி. தப்புன்னு நீ சொன்னா அது யார் தப்பு? உன் தப்பு. அதயும் நான் எழுத வேண்டி வரும். உங்க வீட்டுல நீதானே ஆம்பள மாதிரி சம்பாதிச்சுப் போடற? யோசி. பதினேழு லெட்டர் டைப் பண்ணி ரெண்டே காலுக்கு எடுத்துட்டு வா. ரெண்டரைக்கு ஷிஃப்ட் மாறும்போது குடுக்கணும்.”

வெளியே வந்தோம். குழலி செருப்பைப் போட மறந்து வெறுங்காலோடு நடந்தாள். ஷெட்டின் நடுவில் நின்று என்னைப் பார்த்தாள்.

“அவுருக்கு மொதல்லயே தெரிஞ்சிருந்தா கூட பரவால்லக்கா. இப்பதான் தெரிஞ்சிகினாரு. தெரிஞ்சிகினு சந்தோசப்படறாரு.”

எனக்கும் அதுதான் தாங்க முடியவில்லை. தப்பு நடந்தால் சொன்னால் திருத்துவார்கள் என்று முப்பத்தொரு வயது வரை நம்பியிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு நான் மேஜைக்குத் திரும்ப வேண்டும். என் இடத்திலிருந்து பார்த்தால் கம்ப்யூட்டர் ரூமின் கண்ணாடி தெரியும். புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். முதலில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு எழுந்து கம்ப்யூட்டருக்குப் போனாள். சாப்பாட்டு மணி அடித்தது. அவள் எழவில்லை. நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“லெட்டர் முடிச்சிட்டியா?”

“நாலு முடிச்சேன். நெஜமாவே நிக்கற நாலு பேருக்கு.” திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவங்களுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“பழையபடி இஃப்பு போட்டுடு. அது சரியா வந்திச்சில்ல?”

“போடலாம். அஞ்சு நிமிசம்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா இஃப்புல கடசியா யாரு எழுதுனாங்கன்னு தெரியாதுக்கா. நாளைக்கி ஒருத்தன் வந்து கீழ ஆறாவதா ஒரு வரி சேத்தான்னா எல்லாத்தயும் அழிச்சிட்டுப் போயிடுவான். கேட்டா மிஷினுன்னுவான். கேஸே இருக்கட்டும். வரிசையத்தான் தலகீழா மாத்தணும். அடி, பிரசவம், அம்மை மூணும் மேல. நாள் கணக்கு அதுக்குக் கீழ. எந்தக் கேள்வில ஆமா வந்திச்சோ அந்த நம்பரயும் பேருக்குப் பக்கத்துல அடிக்க வெக்கறேன். ஒரு ஆளுக்கு ஒரு காரணம். அது தாள்ல தெரியணும்.”

“மிஷினா உக்காரவா?”

“உக்காருக்கா” என்றாள். அப்போது அவள் கண் நிறைந்தது.

உட்கார்ந்தேன். இந்தத் தடவை பத்துப் பேர் இல்லை, நாற்பத்தாறு பேரையும் போட்டோம். ரத்னா, முதல் கேள்வி, அடியா? இல்லை. இரண்டாவது, பிரசவமா? ஆமாம். நீட்டி வை, காரணம் இரண்டு, வெளியே போ. ஒரு கை சோறு நான் சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை. பிரிண்டர் கத்த ஆரம்பித்ததும் நான் மேஜைக்கு ஓடினேன்.

புதுப் பட்டியலை அவள் யார் மேஜையிலும் கொண்டுபோய் வைக்கவில்லை. இரண்டு இருபதுக்கு, முதல் ஷிஃப்ட் கை கழுவிக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது ஷிஃப்ட் கேட்டில் டோக்கன் எடுக்கும்போது, வாட்ச்மேன் ரூமுக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டில் இரண்டு பட்டியலையும் அடுத்தடுத்து ஒட்டினாள். காலைப் பட்டியல் இடது பக்கம். புதுசு வலது பக்கம். அடியில் நீல மையில், தமிழில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்:

‘காலைப் பட்டியல் தவறு. விதிகளை மிஷினுக்குச் சொன்ன வரிசையில் நான் செய்த பிழை. வலது பக்கம் இருப்பதுதான் ஆபீசர் கையெழுத்துப் போட்ட விதிப்படி சரி. 1 அடி, 2 பிரசவம், 3 அம்மை, 4 நாள் குறைவு, 5 முழு வருகை. உங்கள் டோக்கன் நம்பருக்கு நேராகப் பார்த்துக்கொள்ளவும். ஏலவார்குழலி, கம்ப்யூட்டர் பிரிவு.’

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று படித்தேன்.  தப்பு செய்தேன் என்று ஒருத்தி தன் பெயரைப் போட்டுச் சுவரில் ஒட்டி நான் பார்த்ததே இல்லை.

சின்னப்பையன் அண்ணன் கட்டுப் போட்ட கையால் டோக்கன் நம்பரைத் தேடினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

“இன்னாபா இது, காத்தால ஸ்டாப்பு, மத்யானம் நீட்டி. நா இன்னா பஸ்ஸா?”

“கம்ப்யூட்டருக்கு அம்மை போட்டுகிச்சிண்ணே. பதினஞ்சு நாளு வராதன்னு சொல்லு” என்றான் பின்னால் ஒருவன். சிரித்தார்கள். ஒரு கணம்தான். பிறகு ஒவ்வொருவராக இடது பக்கத்தில் தங்கள் நம்பரைக் கண்டுபிடித்தார்கள். சிரிப்பு அடங்கிப்போனது. மரகதம் போர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். “என் வூட்டுக்காரரு போன மாசந்தான் வேலய வுட்டாரு” என்று தனக்குத்தானே சொன்னாள்.

சங்கம் என்று எங்களுக்கு எதுவும் கிடையாது. ஆனாலும் மணி அடித்தபோது இரண்டாவது ஷிஃப்ட் உள்ளே போகவில்லை. முதல் ஷிஃப்ட் வெளியே போகவில்லை. யாரும் கத்தவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். பரசுராமன் வந்து, “போங்கப்பா, லைன் காலியா கீது” என்றார். பிறகு அவரும் போர்டைப் படித்துவிட்டு எங்களோடு நின்றுவிட்டார்.

விமல்ராஜ் சார் வந்தார். போர்டைப் படித்தார். தாளைக் கிழிக்கக் கை நீட்டினார். சின்னப்பையன் அண்ணன் தள்ளவில்லை, தடுக்கவில்லை. போர்டுக்கும் சாருக்கும் நடுவில் வந்து நின்றார். சாரின் முகத்துக்கு நேராக அந்தக் கட்டுப் போட்ட கை இருந்தது.

“சார், ஒண்ணுதான் கேக்கறேன். எது சார் உன் கையெழுத்து? இடதா, வலதா?”

சார் நீட்டிய கையை இறக்கினார். உள்ளே போனார். கண்ணாடி வழியாக அவர் போன் பேசுவது தெரிந்தது. முக்கால் மணி நேரம் நின்றோம். கால் வலித்தது. மூன்று பதினைந்துக்கு அவர் வெளியே வந்து, வலது பக்கம் உள்ள பட்டியல்தான் சரி, பதிமூன்று பேரும் தொடரலாம் என்றார். அதை எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. போர்டைப் பார்த்துச் சொன்னார்.

ஒருத்தன் விசில் அடித்தான். சின்னப்பையன் அண்ணன் குழலியைத் தேடினார். “அந்தப் பாப்பா எங்கபா? ஒரு டீயாவது வாங்கிக் குடுங்கபா.” அவள் அங்கே இல்லை.

எங்கள் பரிசோதனை மேஜைக்கு ஷிஃப்ட் கிடையாது, ஐந்து மணி வரை வேலை. நான்கு மணிக்கு பியூன் வந்து என்னைக் கூப்பிட்டான். நான் போனபோது குழலி டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விமல்ராஜ் சார் பின்னால் கை கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அடித்துக்கொண்டிருந்தாள். அனுமதி இல்லாமல் அலுவலக ஆவணத்தை வெளியிட்ட காரணத்தால் இன்று முதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார் என்று ஆங்கிலத்தில். அவளுடைய கடிதம். அந்த ஆபீஸில் டைப் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“சார், எத்தன காப்பி?” என்று கேட்டாள்.

“மூணு.”

எழுந்து, இரண்டு கார்பன் தாளை எடுத்து, தாள்களை ஓரம் தட்டிச் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து அடித்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. 

பெண்களுக்குக் கடிதம் கொடுத்தால் இன்னொரு பெண் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அது எங்கள் கம்பெனி வழக்கம். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சார் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. கை வரவில்லை.

“போடுக்கா” என்றாள் குழலி. “உனுக்கும் லெட்டர் அடிக்கணும்னா எனக்கு டைம் இல்ல. அஞ்சே காலுக்கு பஸ்ஸு.”

போட்டேன். மூன்று பிரதியிலும் போட்டேன். என் பெயர் அந்தத் தாளில் இருக்கிறது. இன்றைக்கும் ஏதோ ஒரு ஃபைலில் இருக்கும். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன். அவளுக்கு நான் மிஷினாக உட்கார்ந்ததை அதற்குப் பிறகுதான்.

கேட்டில் வாட்ச்மேன் அவள் பையைத் திறந்து பார்த்தான். ஒரு டிபன் பாக்ஸ், திறக்காதது. பென்சில். அவ்வளவுதான். பிளாப்பி எல்லாவற்றையும் எண்ணி மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “அக்கா, ரத்னாகிட்ட சொல்லாத. பால் குடுக்கற பொண்ணு, பயந்துக்கும்” என்றாள்.

அவள் வீட்டில் என்ன சொன்னாள், அந்த அப்பா என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. தை மாதத்தில் ஒரு கார்டு வந்தது. மறைமலை நகரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் இங்கே வாங்கியதைவிடக் குறைவு, இரண்டு பஸ் மாற வேண்டும், ஆனால் அங்கே கம்ப்யூட்டர் புதுசு என்று எழுதியிருந்தாள். எங்கள் கம்பெனிக்கு வேறு ஒருவர் வந்தார். அடுத்த பட்டியல் எடுத்தபோதும் பெயருக்குப் பக்கத்தில் காரண நம்பர் அச்சாகியிருந்தது. விமல்ராஜ் சார் அதை எடுக்கச் சொன்னாராம். புதியவருக்கு எங்கே கை வைப்பது என்று தெரியவில்லையாம்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை ரத்னா வந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தையைப் பற்றியே பேசினாள். ராத்திரி முழுக்க அழுகிறானாம், மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாளாம். நான் புஷ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு அவளாகவே கேட்டாள்.

“இன்னாக்கா, கம்ப்யூட்டர் ரூமு பூட்டிக் கீது?”

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மற்றவர்கள் யாராவது பாதியும் பொய்யுமாகச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மெதுவாக, தலை நிமிராமல், எல்லாவற்றையும் சொன்னேன். இடது பக்கப் பட்டியலில் பதினொன்றாவது பெயர் அவளுடையது என்பதையும்.

ரத்னா கையில் இருந்த புஷ்ஷைக் கீழே வைத்தாள். 

“அந்தப் பொண்ணு எந்த ஊருக்கா?”

“காஞ்சிபுரம்.”

“நமக்கு ஒறவுமொறைல இன்னா வேணும்?”

“ஒறவு ஒண்ணும் இல்ல.”

“நா அவகிட்ட பேசுனதே இல்லியே. பாத்தா அடையாளம் கூட தெரியாதே எனுக்கு.” ரத்னாவின் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. நான் ஏதோ விளையாடுகிறேன், இப்போது சிரித்துவிடுவேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. “போக்கா. பொய் சொல்ற.”

நான் சிரிக்கவில்லை.